ஒன்பது என்றால் தெரியாது

உயிரோடு கிடைத்தால் பூஜ்யம்.
உடலாகக் கிடைத்தால் ஒன்று.
தெரியாவிட்டால் ஒன்பது.
இரண்டு முதல் எட்டு வரை ஏன் காலி என்று
சேர்ந்த புதிதில் கேட்டேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
"இருக்கட்டும்" என்றார் பேராசிரியர்.

டெல்ஃப்சைல் காவல்நிலையத்தின் நிலவறையில்
முந்நூற்றுப் பதினொரு பழைய கோப்புகள்.
நான் படிப்பதில்லை, எண்ணாக்குகிறேன்.
புகார் வர எத்தனை மணி நேரம்,
வீட்டிலிருந்து எத்தனை மீட்டர்,
காலில் என்ன.
வீட்டுச் செருப்போடு இறங்கியவர்கள்
பக்கத்து வாய்க்காலைத் தாண்டுவதில்லை.
மழைக்கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
விளக்கையும் அணைத்துவிட்டுப் போனவர்களுக்கு
என் வரைபடத்தில் வட்டம் போட இடமில்லை.

கோப்பு எண்பத்தெட்டு.
யெல்ட்யே பொஸ்கர், வயது எழுபத்தொன்று,
தபால்தலை வாங்கப் போனவர்
பேருந்து நிழற்குடையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
எட்டு ஓட்டுநர்கள் பார்த்திருக்கிறார்கள்.
"பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்."
எட்டு வாக்குமூலத்திலும் அதே வாக்கியம்.
காணாமல் போனவர் என்கிறோம்.
போனது அவர், சரி.
காணாமல் இருந்தது?

நூற்று நாற்பதில் ரைன்டர்.
ஆறு வருடம் கழித்துத் தானாக வந்து மேசைமுன் நின்றவர்.
"நான் எங்கே இருக்கிறேன் என்று
எனக்குத் தெரிந்தேதான் இருந்தது."
மனைவியின் வாக்குமூலம் ஒரே வரி:
"சைக்கிளை விற்றுவிட்டேன்."
பூஜ்யம் என்று தட்டினேன்.
அந்த ஆறு வருடமும் அந்தப் பெண் எந்த எண் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

இருநூற்று மூன்றுக்காகத்தான் பொம்மை.
ஹிட்டே. இருபத்து நான்கு. இழுவைப் படகில் வேலை.
அக்டோபரில், ஓதம் வடியும் நேரம்,
கரைமேட்டில் ஆடுகளுக்கு நடுவே நடந்துபோனதை
ஒருவர் பார்த்திருக்கிறார்.
அதற்கப்புறம் ஒன்பது.
பதினேழு வருடமாக ஒன்பது.

சார்ஜெண்ட் உப்போ டைக்கமா கான்வாஸைத் தைத்தார்.
நான் மணலும் உப்புநீரும் நிரப்பினேன்,
எழுபத்தெட்டு கிலோ வரும்வரை.
துணியில் எவ்வளவு நீர் ஏறும் என்பதும் கணக்கில் வர வேண்டும்,
ஹிட்டேயின் அம்மாவிடம் கேட்டோம்.
தெட்யே ஒரு ஸ்வெட்டர் தந்தார், மஞ்சள்,
துவைத்து மடித்து.
படகிலிருந்து இறக்கும்போது காற்று பலமாக இருந்தது.
பொம்மையின் காலரைத் தூக்கிவிட்டேன்.
முறையியல் அத்தியாயத்தில் இதை எழுதப்போவதில்லை.

இரண்டாம் இரவு, மூன்று மணி பதினான்கு நிமிடத்துக்கு
சமிக்ஞை நின்றது.
இரண்டு நாள் தேடினோம்.
சேறு, சீல்கள், யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் கூடை.
உப்போ சிரித்துக்கொண்டே
புகார்ப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.
நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.
உயரம், எடை, உடை, கடைசியாகக் கண்ட இடம்,
ஒரு தடுமாற்றமும் இல்லை;
இத்தனை துல்லியமான புகார்தாரர்
அந்த நிலவறையிலேயே கிடையாது.
கண்ணின் நிறம்.
பேனா நின்றது.
நாங்கள் கண் வரைந்திருக்கவில்லை.
உப்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெட்யேவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
மன்னிப்பில் தொடங்கி, ஓத அட்டவணைக்குப் போய்,
பாட்டரியின் ஆயுள் வரை பேசிக்கொண்டே இருந்தேன்.
"எந்தப் பக்கம் போனது?"
"வடமேற்கே. போர்க்கும் தீவைத் தாண்டி.
அதற்குமேல் தெரியாது."
மறுமுனையில் அடுப்பில் கெண்டி விசிலடித்தது.
அவர் எழுந்துபோய் அணைக்கவில்லை.
"நீலத்தில் இன்னொன்று இருக்கிறது," என்றார்,
"முழங்கையில் ஒட்டுப்போட்டது.
அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கட்டுமா?"